புலிப்பாலுக்குப் போன பையனின் வயது

பந்தளத்து அரசி தலைவலி என்று படுத்துக்கொள்கிறாள். அமைச்சர் முன்பே சொல்லிக்கொடுத்தபடி வைத்தியர் வந்து நாடி பார்க்கிறார். ஈன்ற புலியின் பால் கிடைத்தால் ஒழிய இந்த நோய் தீராது என்கிறார். அரசர் ராஜசேகரன் கலங்கி நிற்கிறார். பம்பைக் கரையில் அவர் கண்டெடுத்து வளர்த்த பிள்ளை மணிகண்டன், நானே போய்க் கொண்டுவருகிறேன் என்று முன்வருகிறான். அவனுக்கு அப்போது வயது 12. காட்டிலிருந்து அவன் திரும்பி வரக் கூடாது என்பதுதான் திட்டம். அரசிக்குப் பிறந்த பிள்ளை பட்டத்துக்கு வர வேண்டும் என்பதற்காகப் பெரியவர்கள் கூடிச் செய்த ஏற்பாடு அது.

இந்தக் கதையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். மணிகண்டனுக்கு 25 வயது என்று வைத்துக்கொள்வோம். களரியில் தேறிய, தோள் திரண்ட இளைஞன். அவனிடம் புலிப்பால் கேட்டால் அது ஒரு சவால் ஆகிவிடுகிறது. அவன் போவது வீரச்செயல் ஆகிறது. அரசியும் அமைச்சரும் சூழ்ச்சிக்காரர்களாக மட்டும் மிஞ்சுவார்கள். பிள்ளையைக் கொல்ல அனுப்பியவர்கள் என்ற பழி அவர்களிடமிருந்து நழுவிவிடும். தந்தையின் மௌனத்துக்கும் எடை போய்விடும். வளர்ந்த மகனைக் காட்டுக்கு அனுப்பும் அரசன் வேறு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை புறப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அரசன் வேறு. புலியின்மேல் ஏறி அவன் திரும்பி வரும் காட்சி இரண்டு கதைகளிலும் ஒன்றேதான். ஆனால் இளைஞனின் கதையில் அது வெற்றி. சிறுவனின் கதையில் அந்த அரண்மனையில் இருக்கும் ஒவ்வொருவர்மீதும் வந்து விழும் தீர்ப்பு.

காமிக்ஸ், புராணம், நாட்டார் கதை என எங்கிருந்து எடுத்தாலும், இளம் சூப்பர் ஹீரோ ஒருவரைத் திரைக்குக் கொண்டுவரும்போது அவருக்கு என்ன வயது வைப்பது என்ற கேள்வி எழுகிறது. பெரும்பாலும் இதை உடல் சம்பந்தப்பட்ட கேள்வியாகவே பேசுகிறார்கள்: எந்த வயதில் ஒருவர் சண்டைக்காட்சியில் நம்பும்படி இருப்பார், எந்த வயது நடிகருக்கு ரசிகர் கூட்டம் உண்டு. என் எண்ணத்தில் விடை வேறு பக்கம் இருக்கிறது. பாத்திரத்தைச் சுற்றியுள்ள பெரியவர்களுக்கு அவர்மீது என்ன அதிகாரம் இருக்கிறது, அந்த அதிகாரத்தை வைத்து அவருக்கு என்ன இழைக்கிறார்கள் என்பதுதான் வயதை முடிவு செய்கிறது. அந்தத் தீங்கு எந்த வயதில் தீங்காகவே தெரியுமோ அதுதான் பாத்திரத்தின் வயது. இதைச் சோதித்துப் பார்க்கக் கேரளத்தின் கிழக்கு எல்லையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இடுக்கி மாவட்டத்தில் வண்டிப்பெரியாறிலிருந்து சத்திரம் வரை வண்டி போகும். அங்கிருந்து புல்மேடு வழியாகச் சபரிமலைக்குக் காட்டுப்பாதை. கம்பம், கூடலூர், குமுளி வழியாக வரும் தமிழ்நாட்டுப் பக்தர்கள் பலர் இந்தப் பாதையில்தான் நடக்கிறார்கள். பாதை போவது பெரியாறு புலிகள் காப்பகத்தின் வழியே. 925 சதுர கிலோமீட்டர் பரப்பு. 1978இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கதையில் வரும் புலி இங்கே கற்பனை விலங்கல்ல. பாலக்காட்டுப் பக்கம் போனால் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். அதை ஒட்டித் தமிழ்நாட்டின் ஆனைமலை. மலையோரத்தில் வாழ்ந்த தலைமுறைகளுக்குப் பிள்ளையைத் தனியே காட்டுக்கு அனுப்புவது என்றால் என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. இருமுடி சுமந்து தந்தையோடு ஏறும் சிறுவர்களை இன்றும் மணிகண்டன் என்றே அழைக்கிறார்கள். சிறுமிகளை மாளிகைப்புறம் என்று. அந்தப் பிள்ளைகளின் கையைப் பெரியவர் ஒருவர் விடாமல் பிடித்திருப்பார். கதையில் அந்தக் கை விடப்பட்டது.

மணிகண்டன்தான் ஐயப்பன். ஆனால் பாலக்காட்டில் கேட்கும் ஐயப்பன் கதை வேறு. விருச்சிக மாதம் பிறந்ததும் பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் பகுதிகளில் ஐயப்பன் விளக்கு நடக்கும். வாழைத்தண்டையும் குருத்தோலையையும் கொண்டு ஒரே நாளில் கோயில்கள் எழும்பும். பாலைமரத்தின் கொம்பை ஊர்வலமாகக் கொண்டுவந்து நாட்டுவார்கள். உடுக்கு அடித்துப் பாடத் தொடங்கினால் விடியும் வரை பாட்டு ஓயாது. விடிவதற்கு முன் ‘வெட்டும் தடவும்’ என்னும் நிகழ்ச்சி: ஐயப்பனும் வாவரும் வாளெடுத்துப் பொருதுவதை ஆடிக் காட்டுவார்கள். இதில் வரும் ஐயப்பன் படைத்தலைவன். மலைப்பாதைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு கொள்ளையடித்த உதயணனை வீழ்த்த ஆள் திரட்டுகிறவன். வாவரோடு போரிட்டுப் பிறகு தோழனாக்கிக்கொள்கிறவன். கடுத்தன் போன்ற வீரர்கள் அவனுக்குத் துணை நிற்கிறார்கள். முகம்மையில் சீரப்பன்சிறக் களரியில் பயிற்சி பெற்றவன். இவனை யாரும் எங்கும் அனுப்பவில்லை. தானே புறப்படுகிறான்.

ஆக ஒரே நாயகனுக்கு இரண்டு வயதுகள். புலிப்பால் கதையில் 12. உதயணன் கதையில் இருபதை எட்டிய வாலிபம். முன்னதில் அவன் பெரியவர்களின் சொல்லுக்குள் இருக்கிறான். பின்னதில் பெரியவர்கள் அவன் சொல்லுக்கு வருகிறார்கள். மரபு இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு சிரமமின்றி வாழ்கிறது. உடுக்குப் பாட்டுக்காரருக்கு நரைத்த தாடி இருக்கலாம். வெட்டும் தடவும் ஆடுகிறவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். கேட்பவர்களுக்குக் கதை முன்பே தெரியும், ஆடுகிறவரின் முகம் ஐயப்பனின் முகம் என்று யாரும் கொள்வதில்லை.

திரைப்படத்துக்கு அந்த வசதி கிடையாது. நெருக்கத்தில் காட்டும் முகத்துக்கு ஏதாவது ஒரு வயது இருந்தே தீரும். பக்திப் படங்கள் எடுத்த நம்முடைய பழைய இயக்குநர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஏ. பி. நாகராஜனின் ‘கந்தன் கருணை’ 1967இல் வந்தது. அதில் குழந்தை முருகனாக வந்தவர் ஸ்ரீதேவி. அப்போது அவர் நான்கு வயதைக்கூடத் தாண்டாத சிறுமி. சூரனை வெல்லும் முருகனாக வந்தவர் சிவகுமார், அவருக்கு 25. பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மனைச் சிறையில் வைப்பது குழந்தை. படை நடத்துவது இளைஞன். இந்தப் பிரிவினை வெறும் வசதிக்காகச் செய்தது என்று நான் நினைக்கவில்லை. படைப்புத் தொழிலே தன்னுடையது என்று இருக்கும் மூத்த தெய்வத்தை மடக்குவது ஒரு குழந்தையாக இருந்தால்தான் அந்தக் காட்சிக்கு உயிர் உண்டு. இருபத்தைந்து வயதுக்காரர் அதையே செய்தால் அது வாக்குவாதம். அதே ஆண்டில் ஏவி.எம். எடுத்த ‘பக்த பிரகலாதா’வில் பிரகலாதனாக வந்த ரோஜா ரமணிக்கும் பத்து வயது நிரம்பவில்லை. இரணியனின் கொடுமையைக் கொடுமையாக்குவது எதிரே நிற்கும் உருவத்தின் சிறுமைதான்.

ஐயப்பனைத் திரையில் நிலைநிறுத்திய படம் 1975இல் வந்தது. திருவனந்தபுரம் மெரிலாண்ட் ஸ்டுடியோவின் பி. சுப்ரமணியம் தயாரித்து இயக்கிய ‘சுவாமி ஐயப்பன்’. ஜெமினி கணேசன், திக்குறிச்சி சுகுமாரன் நாயர் ஆகியோர் நடித்தார்கள். இசை ஜி. தேவராஜன், யேசுதாஸ் பாடிய ஹரிவராசனம் இந்தப் படத்தின் மூலம்தான் வீடுகளுக்குள் வந்தது. தமிழிலும் வெளியானது. படம் ஈட்டிய பணத்தில்தான் சபரிமலையில் சுவாமி ஐயப்பன் சாலை அமைந்தது என்று சொல்வார்கள். இந்தப் படம் மணிகண்டனைச் சிறுவனாகவே வைத்திருந்தது. இன்று பார்த்தால் அதன் தந்திரக் காட்சிகள் பழசாகத் தெரியும். ஆனாலும் பையன் காட்டுக்குள் போகும்போது மனம் பதைப்பது குறையவில்லை. அந்தப் பதைப்பைக் கொண்டுவந்தது ஒரு சிறுவனின் உருவம்.

2022 டிசம்பர் 30 அன்று வந்த ‘மாளிகைப்புறம்’ வேறொரு வழியைத் தேர்ந்துகொண்டது. விஷ்ணு சசிசங்கர் இயக்கிய மலையாளப் படம். எட்டு வயதுச் சிறுமி கல்லு சபரிமலைக்குப் போக ஆசைப்படுகிறாள். கடனில் நொறுங்கிய தந்தை இறந்துவிட, தோழன் ஒருவனோடு யாருக்கும் சொல்லாமல் புறப்படுகிறாள். வழியில் அவளைக் காக்க வருபவர் உன்னி முகுந்தன். அவருக்கு அப்போது 35 வயது. கல்லுவின் கண்களுக்கு அவர் ஐயப்பனே. பழைய கதையில் ஒரே உடலுக்குள் இருந்த இரண்டை இந்தப் படம் இரண்டு உடல்களாகப் பிரித்துவிட்டது: ஆபத்தில் நிற்கும் குழந்தைமை தேவநந்தா நடித்த சிறுமிக்கு, வல்லமை வளர்ந்த ஆணுக்கு. படம் பெரிய வெற்றி பெற்றது. சிறுமியின் நடிப்பு என்னையும் கலங்க வைத்தது. ஆனால் இந்தப் பிரிவினைக்கு ஒரு விலை உண்டு. குழந்தை காப்பாற்றப்பட வேண்டியவள் ஆகிறாள். பெரியவர் காப்பாற்றுகிறவர் ஆகிறார். மணிகண்டன் கதையில் அப்படி இல்லை. அங்கே பெரியவர்களிடமிருந்துதான் ஆபத்து வருகிறது. அதைத் தாண்டி வருகிறது குழந்தை.

அதற்கு ஒரு வருடம் முன்னால் வந்த ‘மின்னல் முரளி’யிலும் இதே பிரிவினையைப் பார்க்கிறேன். பேசில் ஜோசப் இயக்கி 2021 டிசம்பர் 24 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியான படம். குறுக்கன்மூல என்னும் கற்பனை ஊரில் தையல்காரனாக இருக்கும் ஜெய்சனை மின்னல் தாக்கி வல்லமை வருகிறது. டொவினோ தாமஸ் நடித்தார். வல்லமையை என்ன செய்வது என்று ஜெய்சனுக்குத் தெரியாது. தெரிந்தவன் அவனுடைய அக்காள் மகன், சிறுவன் ஜோஸ்மோன். சூப்பர் ஹீரோ படக்கதைகளைப் படித்துத் தேர்ந்தவன் அவன்தான். மாமனுக்குப் பயிற்சி கொடுக்கிறான். அதே மின்னல் தாக்கிய இன்னொருவன் ஷிபு. நம்முடைய குரு சோமசுந்தரம் அந்தப் பாத்திரத்தில் செய்தது அந்த ஆண்டின் மிகச் சிறந்த நடிப்புகளில் ஒன்று. ஊர் முழுக்க ஒதுக்கிவைத்த மனிதனுக்கு வல்லமை வந்தால் என்ன ஆகும் என்று காட்டினார். ஜெய்சன் கதையைவிட ஷிபு கதை ஆழமாகப் பதிவதற்குக் காரணம் இருக்கிறது. ஷிபு வயதில் பெரியவன்தான், ஆனால் ஊர் அவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்ற நிலையில் இருக்கிறான். வல்லமை வரும் நேரத்தில் எவ்வளவு கீழே இருந்தான் என்பதுதான் கதைக்கு விசை.

பாலக்காட்டின் ஒடியன் கதையையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரவில் காளையாகவும் நாயாகவும் உருமாறி, வழியில் வருகிறவனை மறித்துக் கொல்வான் என்று பாலக்காட்டுக் கிராமங்கள் அஞ்சிய உருவம் ஒடியன். அந்த வித்தை தாழ்த்தப்பட்ட சாதியினர் கையில் இருந்ததாகவே கதைகள் சொல்கின்றன. பகலில் மேல்சாதியார் தெருவில் நடக்க முடியாதவன், இரவில் அந்தத் தெருவையே நடுங்க வைக்கிறான். ஒடியனிடம் கூலி கொடுத்துப் பகையாளியை முடிக்கச் சொன்னவர்களும் அதே மேல்சாதியார் என்று கதை தொடரும். வி. ஏ. ஸ்ரீகுமார் மேனன் இயக்கிய ‘ஒடியன்’ 2018 டிசம்பர் 14 அன்று வந்தது. பாலக்காட்டை ஒட்டிய தேங்குறிச்சியின் கடைசி ஒடியன் மாணிக்யனாக மோகன்லால். அவருக்கு அப்போது 58 வயது. பாத்திரத்தின் இளமைப் பருவத்துக்காக அவர் சுமார் 18 கிலோ எடை குறைத்தார் என்று செய்திகள் வந்தன. உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தும் அந்த இளமைக் காட்சிகள் இறுகியே இருந்தன. மெலிந்த உடலும் மழித்த முகமும் இளமையின் தோற்றத்தைக் கொடுத்தன. எதிரே நிற்கும் தரவாட்டுக் காரணவர் ஒரு சொல்லில் தன்னை அழித்துவிட முடியும் என்ற அச்சத்தை அவற்றால் கொடுக்க முடியவில்லை. எந்தச் சட்டகத்தில் வந்தாலும் மோகன்லால்தான் அங்கே மூத்தவர், பெரியவர். தெருவில் நடக்கக் கூடாது என்று விரட்டப்பட்ட பதினாறு வயது மாணிக்யனை ஒரு புதுப் பையனிடம் கொடுத்திருந்தால், பின்னால் வரும் ஐம்பது வயது மோகன்லாலின் நடைக்கே வேறு கனம் வந்திருக்கும்.

இதற்கு எதிர்த்திசையில் போன படம் 2025 ஆகஸ்ட் 28 அன்று வந்த ‘லோகா’வின் முதல் பாகம். டொமினிக் அருண் இயக்கம், துல்கர் சல்மானின் வேஃபேரர் பிலிம்ஸ் தயாரிப்பு. மூலம் கள்ளியங்காட்டு நீலி. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவிலுக்கு அருகில் இருக்கிறது கள்ளியங்காடு. கொட்டாரத்தில் சங்குண்ணியின் ஐதிகமாலையில் நீலியைக் கடமற்றத்துக் கத்தனாரோடு சேர்த்துப் படிக்கலாம். தமிழில் பழையனூர் நீலி கதை இதற்கு உறவு. இரண்டிலும் நீலி வளர்ந்த பெண். நகைக்காகவோ வேறு காரணத்துக்காகவோ கணவன் அவளைக் கொல்கிறான். பழிவாங்கத் திரும்பி வருகிறாள். படம் நீலியின் தொடக்கத்தைச் சிறுமிப் பருவத்துக்குக் கொண்டுபோனது. காட்டில் வாழும் குடியில் பிறந்த சிறுமி. அந்தக் குடியின்மீது அரசனின் ஆட்கள் பாய்கிறார்கள். அந்த ஓட்டத்தில் அவளுக்கு வல்லமை வருகிறது. கல்யாணி பிரியதர்ஷன் நடித்த சந்திரா அந்தச் சிறுமியின் நீட்சி.

வயதைக் குறைத்ததும் குற்றவாளி மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும். மனைவிக்கு இழைத்த துரோகம் கணவனுடையது. குழந்தைக்கு இழைத்த கொடுமை அரசனுடையது, அவன் ஆட்சியுடையது. கதையை மாற்றிவிட்டார்களே என்று வருந்தியவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. எந்தக் குற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அதற்குரிய வயதை நாயகிக்கு வைத்திருக்கிறார்கள். நாயகியின் வயது என்பது ஆள் தேர்வுக்கும் முன்னால், எழுதுகிற மேசையிலேயே முடிவாக வேண்டிய ஒன்று என்பதற்கு அண்மையில் நான் கண்ட நல்ல சான்று இந்தப் படம். இதே படத்தில் துல்கர் சல்மான் ஒடியனாகச் சில கணங்கள் வந்து போகிறார். பாலக்காட்டு ஒடியனின் முழுக்கதையை அந்த வரிசையில் எடுக்கப்போகிறார்கள் என்றால், அங்கும் இதே அக்கறையை எதிர்பார்க்கிறேன்.

ஹாலிவுட்டிலும் இதே சிக்கல் நீண்ட காலம் ஓடியது. 1962இல் காமிக்ஸில் ஸ்பைடர்மேன் அறிமுகமானபோது பீட்டர் பார்க்கர் பதினைந்து வயதுப் பள்ளி மாணவன். 2002 படத்தில் டோபி மேக்வயருக்கு 26. 2012இல் ஆண்ட்ரூ கார்ஃபீல்டுக்கு 28. இருவரும் திறமையானவர்கள். ஆனால் அவர்கள் சந்தித்த இடர்கள் பெரும்பாலும் இளைஞர்களுடையவை: காதல், வாடகை, வேலை. 2016இல் டாம் ஹாலண்ட் வந்தபோது அவருக்கு 19. அந்த முதல் படத்தில் மூத்த சூப்பர் ஹீரோ டோனி ஸ்டார்க் பீட்டரின் வீட்டுக்கு வந்து, அத்தைக்கு உண்மையைச் சொல்லாமல், தன் சண்டைக்காக அவனை ஜெர்மனிக்குக் கூட்டிப் போகிறார். அந்தக் காட்சியைப் பார்க்கும்போது எனக்குப் பந்தளத்து அரண்மனை நினைவுக்கு வந்தது. தன் காரியத்துக்காகப் பெரியவர் ஒருவர் பள்ளிப் பிள்ளையை ஆபத்துக்குள் அனுப்புகிறார். பிள்ளை மகிழ்ச்சியோடு போகிறான், மணிகண்டன் போனதைப் போலவே. ஸ்டார்க் செய்தது சரியா என்ற கேள்வி அடுத்து வந்த படங்களிலும் தொடர்ந்தது. 28 வயது முகத்தை வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது.

பேட்மேனுக்குத் துணையாக வரும் ராபின் 1940இல் சிறுவனாகவே படைக்கப்பட்டவன். 1989 படத்தில் அவனுக்கு இடமே தரவில்லை. 1995இல் சேர்த்தபோது நடித்த கிறிஸ் ஓ’டானலுக்கு 24 வயது. பணக்காரர் ஒருவர் தன் பொறுப்பில் இருக்கும் சிறுவனை இரவுதோறும் கொலைகாரர்களோடு மோத அழைத்துப் போகிறார் என்பது படக்கதையின் கோட்டோவியத்தில் உறுத்துவதில்லை. கேமரா முன் உண்மையான சிறுவன் நின்றால் பேட்மேனை யாரும் நல்லவராக நினைக்க முடியாது. அதனால் ராபினின் வயதைக் கூட்டினார்கள். நாயகனின் மதிப்பைக் காப்பாற்ற இளையவனின் வயதைக் கூட்டுவது எளிய வழி. பந்தளத்து அரசருக்கும் அந்தச் சலுகையைக் கொடுக்கலாம்தான். கொடுத்தால் கதை செத்துவிடும்.

இடுக்கியின் எல்லையில் இன்னொருவரின் வயதும் கேள்வியாக நிற்கிறது. குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், மங்கலதேவி கண்ணகி கோயில். சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் திறக்கிறார்கள். தமிழகத்தவர் கூடலூரை அடுத்த பளியன்குடி வழியே நடந்து ஏறுகிறார்கள். குமுளியிலிருந்து ஜீப் போகிறது. இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்தே ஏற்பாடுகளைச் செய்கின்றன. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி வானேறியதைக் குன்றக் குறவர் கண்ட இடம் இது என்பது நம்பிக்கை. ஊரையே தீக்கிரையாக்கும் ஆற்றல் கொண்ட அவளை நம் இலக்கியத்தின் மிகப் பெரிய வல்லமையாளர் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

சிலப்பதிகாரம் திருமணத்தன்று கண்ணகிக்கு 12, கோவலனுக்கு 16 என்று தெளிவாகச் சொல்கிறது. மதுரைக்கு வரும்போது சில ஆண்டுகள் கழிந்திருக்கும். அப்போதும் அவள் மிக இளையவள். இருபதை ஒட்டிய வயது என்று கொள்வதே பொருத்தம். 1942இல் ஜூபிடர் எடுத்த ‘கண்ணகி’யில் நடித்த பி. கண்ணாம்பா 1911இல் பிறந்தவர். கோவலனாக வந்த பி. யு. சின்னப்பா அவரைவிட ஐந்து வயது இளையவர். இளங்கோவனின் வசனத்தைக் கண்ணாம்பா முழங்கியதைத் தமிழ்நாடு கொண்டாடியது. 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் விஜயகுமாரிக்குக் கலைஞர் எழுதிய வசனமும் அப்படித்தான். நம் மனத்தில் இருக்கும் கண்ணகி இந்த இரண்டு குரல்களால் ஆனவர்: முதிர்ந்த, வழக்கறிஞரைப் போல வாதிடும் பெண்.

இந்தக் கண்ணகியை நானும் நேசிக்கிறேன். ஆனாலும் காப்பியத்தின் வயதை வைத்து யோசிக்கையில் வேறொரு காட்சி எழுகிறது. தாய் தந்தையர் பன்னிரண்டு வயதில் மணம் முடித்து வைத்தார்கள். கணவன் வேறொருத்தியிடம் போனபோது அவள் காத்திருந்தாள். திரும்பி வந்ததும் சிலம்பைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் நடந்த பாதையில் நடந்தாள். யாருடைய சொல்லையும் அவள் மீறியதில்லை. இருபது வயதுப் பெண் ஒருத்தி வாழ்க்கையில் முதன்முதலாகக் குரலை உயர்த்துவது பாண்டியனின் அவையில். அந்தக் குரல் முழங்க வேண்டும் என்பதில்லை. தொடக்கத்தில் உடைந்து நடுங்கினாலும் பொருந்தும். முப்பதைத் தாண்டிய, அனுபவம் தெரியும் முகத்தில் அந்த முதல் முறை என்பது தொலைந்துபோகிறது. இளைய கண்ணகியைத் தமிழ்த் திரை இன்னும் பார்க்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, உண்மையான பன்னிரண்டு வயதுச் சிறுவனைக் கேமரா முன் நிறுத்துவதில் உள்ள பொறுப்பைப் பேசாமல் விட முடியாது. பதினான்கு வயது நிரம்பாத குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்யும் சட்டம், 2016 திருத்தத்தின்படி, கலைத்துறைக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கிறது. அதற்கான 2017 விதிகள் சொல்பவை: நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேல் கூடாது, படிப்பு தடைபடக் கூடாது, மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்பாக இட வேண்டும். காட்டில், மழையில், இரவில் நடக்கும் கதைக்கு இந்த ஐந்து மணி நேரம் பெரிய நெருக்கடி. பெரிய நடிகரின் தேதி கிடைக்காமல் படப்பிடிப்பு ஒரு வருடம் இழுத்தால் பையனின் குரல் உடைந்துவிடும், மீசை அரும்பிவிடும். தயாரிப்பாளர்கள் 20 வயதுக்காரரைத் தேடுவதில் வியப்பில்லை.

ஆனால் குழந்தையைக் கொல்ல அனுப்பிய பெரியவர்களைப் பற்றிய படத்தை, குழந்தையைக் கசக்கி எடுத்தால் அந்தப் படத்துக்கு நியாயமே இல்லை. இந்த விதிகளைத் தடையாகப் பார்க்காமல் திரைக்கதையின் வடிவமாகவே கொள்ளலாம். கதையில் மணிகண்டன் காட்டுக்குள் இருக்கும் நேரம் முழுவதையும் அவனோடே கழிக்க வேண்டியதில்லை. அரண்மனையில் காத்திருப்பவர்களைக் காட்டலாம். அரசனின் தூக்கமில்லாத இரவுகள், அரசியின் கைகள், முதல் நாள் நிமிர்ந்து நின்று மூன்றாம் நாள் குனியத் தொடங்கும் வைத்தியர். இவையெல்லாம் வளர்ந்த நடிகர்களின் காட்சிகள். கதையின் மையமும் அங்கேதான் இருக்கிறது.

தணிக்கையையும் மனத்தில் கொள்ள வேண்டும். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பின் யுஏ சான்றிதழ் 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரிந்துவிட்டது. பன்னிரண்டு வயது நாயகனின் படத்துக்கு 16 வயதுச் சான்றிதழ் வாங்கும் அளவுக்கு ரத்தம் காட்டினால், நாயகனின் வயதுப் பிள்ளைகளைக் கூட்டிவரப் பெற்றோர் தயங்குவார்கள். மணிகண்டன் என்று கூப்பிடப்பட்டு மலையேறிய பிள்ளைகள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய படம் அது.

புலிப்பால் கதையை இன்று யாராவது சூப்பர் ஹீரோ படமாக எடுக்க முன்வந்தால் நான் கேட்பது இவ்வளவுதான். பதினொன்று முதல் பதிமூன்றுக்குள் ஒரு பையன். உடற்பயிற்சியால் முறுக்கிய உடல் வேண்டாம். சாதாரணப் பள்ளிப் பையனின் தோள்கள் போதும். இடுக்கியிலோ பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமோ தமிழும் மலையாளமும் கலந்து பேசும் வீட்டில் பிறந்தவனாக இருந்தால் இரண்டு மொழியிலும் அவன் குரலிலேயே படம் வரலாம். ஒரே பருவத்துக்குள் அவன் காட்சிகளை எடுத்து முடித்து அவனைப் பள்ளிக்கு அனுப்பிவிட வேண்டும்.

பிறகு காத்திருக்க வேண்டும். ஹாரி பாட்டர் வரிசையில் டேனியல் ராட்கிளிஃபைப் பதினொரு வயதில் தேர்ந்தெடுத்து, 2001 முதல் 2011 வரை எட்டுப் படங்களில் அதே முகத்தை வளரவிட்டார்கள். உலகெங்கும் ஒரு தலைமுறை அதனோடு சேர்ந்து வளர்ந்தது. நமக்கு எட்டுப் படம் தேவையில்லை, இரண்டு போதும். முதல் படத்தின் பையன் இருபதை எட்டும்போது, உதயணனை எதிர்க்க ஆள் திரட்டும் படைத்தலைவனாக அவனே வரட்டும். வாவரோடு வாளெடுக்கும் அந்த இளைஞனைப் பார்க்கும்போது, பன்னிரண்டு வயதில் அவனை அனுப்பியவர்கள் யார் யார் என்று அரங்கில் இருப்பவர்கள் அறிந்திருப்பார்கள். எட்டு ஆண்டுகள் பொறுத்திருக்கும் தயாரிப்பாளர் ஒருவர் மட்டும் அதற்கு வேண்டும்.